உப்புக் காலமும் தவக் காலமும்

மரக்காணத்தில் ஆண்டு இரண்டாகப் பிரிகிறது. தை மாதத்தில் பாத்திகளைத் திருத்தத் தொடங்கினால் ஆவணி, புரட்டாசி வரை உப்புக் காலம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகளில் மழைநீர் நிரம்பி வேலை நின்றுவிடும். பிறகு தை பிறக்கும் வரை உப்பளத் தொழிலாளியின் வீட்டில் கடன்தான் உலை வைக்கிறது. வங்கக் கடலுக்கும் கழுவெளி நீர்ப்பரப்புக்கும் இடையே 3,000 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் இந்த உப்பளங்களைச் சார்ந்து வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், இதுதான் பஞ்சாங்கம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஆண்டை இந்தப் பஞ்சாங்கத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். தவக்காலம் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஆரம்பிக்கிறது. உப்பு விளைச்சல் சூடுபிடித்து, உடம்பு முழு உழைப்பையும் கேட்கும் நேரம் அது. மாதா வணக்க மாதமான மே, அக்னி நட்சத்திரத்தில் வருகிறது. பாத்தி வெள்ளை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் மாதம். செபமாலை மாதமான அக்டோபரில் வேலை நிற்கத் தொடங்குகிறது. இறந்தோரை நினைக்கும் நவம்பரில் அடைமழை. கிறிஸ்து பிறப்பு விழா ஆண்டின் மிக வறண்ட பணநிலையில் வந்து சேர்கிறது. ஒருசந்தி இருக்கச் சொல்லும் காலத்தில் சோறு மிகவும் தேவைப்படுகிறது. விருந்து வைக்கச் சொல்லும் நாளில் பானையில் அரிசி இல்லை.

அன்றாட வாழ்வில் விசுவாசத்தைக் கடைப்பிடிப்பது பற்றிய நூல்கள் காலையில் அரை மணி நேர தியானம், மாலையில் வேத வாசிப்பு, ஞாயிறு ஓய்வு என்று ஒழுங்கு சொல்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்கு நாளின் நேரம் அவர்கள் கையில் இருந்தது. விடியுமுன் கைவிளக்கோடு பாத்திக்குப் போகிற பெண்ணின் நேரமோ குத்தகைக்காரர் கையிலும் வெயில் கையிலும் இருக்கிறது. தமிழகக் கடற்கரையில் கிறிஸ்தவம் தழைத்தது இத்தகைய மனிதர்களிடம்தான். நேரமே இல்லாதவர்களிடம் ஓர் அன்றாடப் பழக்கம் எப்படி வேரூன்றியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் வேலையைப் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சாப்பிடும் உப்பு 27 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். நீரை ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் கடல்நீர் 3 பாகை காட்டும். அது 25 பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. அதற்கு முன்பே ஜிப்சம் அடியில் தங்கிவிடும். 30 பாகையைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கைக்கும். எனவே உரிய நேரத்தில் வாரியாக வேண்டும், எஞ்சிய கைப்பு நீரை வடித்தாக வேண்டும். பாத்தியின் களிமண் தளத்தைக் காலால் மிதித்து இறுக்குவதும், நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துச் சேர்ப்பதும், தலையில் கூடை வைத்துச் சுமந்து குவியலில் கொட்டுவதும் மனித உடம்பு செய்கிற வேலை. சுமப்பதில் பெரும்பகுதி பெண்களுடையது. பாதத்தில் வெடிப்பு, கண்ணில் எரிச்சல், தோலில் அரிப்பு என்று வேலை உடம்பில் தன் அடையாளத்தை வைத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை என்று உப்புநீர் காத்திருக்காது.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கண்டதும் இதே சிக்கல்தான். ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்த பரதவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். குருக்கள் மிகச் சிலர். ஊர்களோ கடற்கரை நெடுக. விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் ஆகியவற்றை உள்ளூர்க்காரர்களின் துணையோடு தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். ஒரு நாளைக்கு இருமுறை சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அந்தப் பிள்ளைகளை அனுப்பினார். நோயாளி இருக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளே போய் ஜெபம் சொன்னார்கள். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இவற்றை அவரே விவரிக்கிறார்.

இந்த ஏற்பாட்டைப் பலர் மனப்பாடக் கிறிஸ்தவம் என்று குறைத்துப் பேசுவதுண்டு. எனக்கு அந்தக் குறையில் உடன்பாடு இல்லை. மனப்பாடம் ஆன ஜெபத்துக்குப் புத்தகம் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம், கைகள் சும்மா இருக்கவும் வேண்டாம். வலை இழுத்துக்கொண்டே சொல்லலாம், கூடை சுமந்துகொண்டே சொல்லலாம். உழைக்கிறவனின் நாளுக்குள் நுழையக்கூடிய ஒரே வடிவம் அதுதான். சவேரியார் ஒவ்வோர் ஊரிலும் ஜெபங்களின் படியொன்றையும் அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவரையும் விட்டுச் சென்றார். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க, போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைக் கேட்டு வாங்கினார். முத்துக்குளிப்பவர்களின் உழைப்பில் விளைந்த பணம் அவர்கள் ஊர் உபதேசியாருக்கே திரும்பி வந்தது. அன்றாட பக்திக்கும் பணம் யார் பையில் இருக்கிறது என்பதற்கும் உள்ள உறவை அவர் அறிந்திருந்தார்.

அச்சும் இதே தேவைக்காகத்தான் வந்தது. என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது, 16 பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சேறியது. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்கள் ஊரில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வதற்கான ஜெப, உபதேசக் கையேடுகள் என்பதை அச்சு வரலாற்றைப் பெருமையோடு பேசும்போது நாம் மறந்துவிடுகிறோம்.

அந்த ‘ஒருவர்’ யார்? வேதியர், உபதேசியார், கோயிற்பிள்ளை என்று அவருக்கு வெவ்வேறு பெயர்கள். சாமியார் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருகிற ஊரில் மீதி நாட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. காலை ஜெபம், திரிகால ஜெபம், விளக்கு வைத்தபின் இரவு ஜெபம், சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் நிற்பது, அவசரத்தில் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது, சண்டை தீர்ப்பது, சவம் எடுப்பது எல்லாம். வீரமாமுனிவர் 1727இல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ முழுவதும் இந்த மனிதனுக்காகவே எழுதப்பட்டது. தேம்பாவணி எழுதி முடித்த கையோடு இப்படியொரு உரைநடை நூலை அவர் எழுதியதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். காப்பியம் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர். வேதியரின் வாழ்க்கையைப் பார்த்துத் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும் ஊர்கள் பல. வேதியர் போதிப்பதற்கு முன் வாழ வேண்டும் என்பதே அந்நூலின் அக்கறை.

மரக்காணம் அமைந்திருப்பது புதுச்சேரி மிஷனின் எல்லைக்குள். இங்கே பணிபுரிந்துவந்த இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டதும் 1776இல் இந்தப் பகுதி பாரிஸ் வேதபோதக சபையின் கைக்கு வந்தது. இன்று இது புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம். இந்த மிஷனின் வரலாற்றில் 1844 முக்கியமான ஆண்டு. ஆயர் பொன்னாந்து கூட்டிய புதுச்சேரி சங்கம், உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதையும் கல்வியையும் முதல் வேலையாக வைத்தது. அதே ஆண்டு துப்புயி அடிகளார் தூய மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்குக் கல்வி தருவது அதன் நோக்கம். பெண் படித்தால் வீட்டில் ஜெபப் புத்தகம் படிக்கப்படும். வேதியர் ஊருக்கு ஒருவர். வாசிக்கத் தெரிந்த தாய் வீட்டுக்கு ஒருத்தி. விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளைகளை மாதா படத்துக்கு முன் முழந்தாளிடச் செய்து செபமாலை தொடங்குகிற அதிகாரம் அன்றிலிருந்து இன்று வரை தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் அம்மாவிடமோ ஆத்தாவிடமோதான் இருக்கிறது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. தென்னார்க்காட்டிலும் வடார்க்காட்டிலும் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் நிலமற்ற தலித் மக்கள், திருமுழுக்குப் பெற்றார்கள். சேத்துப்பட்டை மையமாக வைத்து உழைத்த தாராஸ் அடிகளார் அந்த இயக்கத்தின் பெரிய பெயர். மரக்காணத்தில் முடிகிற பக்கிங்காம் கால்வாயும் அதே பஞ்சத்தோடு தொடர்புடையதே: சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பிறகு இந்தக் கரையின் உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று அந்த மக்களை ஏளனம் செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள். கஞ்சி சில மாதங்களில் நின்றுபோனது. அதற்குப் பின்னும் நிலைத்த குடும்பங்கள் எதனால் நிலைத்தன என்று கேட்க அந்த ஏளனத்துக்குத் தெரியவில்லை. கூலிவேலை முடிந்து இருட்டியபின் சேரியின் நடுவே வேதியர் மணி அடிக்க, ஊரே கூடி ஜெபம் சொன்ன அந்த மாலைப் பழக்கத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பது என் முடிவு.

சீர்திருத்த சபைகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல்லில் ஆயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, தெலுங்கு நாட்டுக் கூலிக்காரக் கிறிஸ்தவர்களிடையே ஊர்தோறும் மாலை வழிபாட்டை ஊன்றினார். இந்தியா முழுவதிலும் இத்தகைய மக்கள் இயக்கங்களை ஆராய்ந்து 1933இல் ஜே. வாஸ்கம் பிக்கெட் வெளியிட்ட நூல், எந்த நோக்கத்தோடு சேர்ந்தார்கள் என்பதைவிட, சேர்ந்தபின் ஊரில் வழிபாடு ஒழுங்காக நடந்ததா என்பதில் மிகுந்த கவனம் செலுத்துகிறது.

திருச்சபையின் சட்டம் உழைப்பாளியைப் பற்றி என்ன சொல்லிற்று? இங்கே வரலாறு நீண்ட தாமதத்தைக் காட்டுகிறது. கடினமான உடலுழைப்பில் இருப்பவருக்கு ஒருசந்திக் கடமை இல்லை என்று பழைய அறநெறி நூல்களே விலக்குக் கொடுத்தன. ஆனால் நற்கருணை வாங்குகிறவர் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, பூசை காலையில்தான் என்ற சட்டம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. விடியுமுன் வேலைக்குப் போகிறவரால் இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்க முடியாது. 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீர் குடிக்கலாம் என்றும், குறித்த சூழல்களில் மாலைப் பூசை வைக்கலாம் என்றும் அனுமதித்தார். 1957இல் உபவாசம் 3 மணி நேரமாகவும் 1964இல் 1 மணி நேரமாகவும் குறைந்தது. 1966இல் ஒருசந்தி நாட்கள் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டாகச் சுருங்கின. ஒழுக்கம் தளர்ந்துவிட்டது என்று வருந்துகிற மூத்தவர்களை நான் அறிவேன். உப்பளத்திலிருந்து பார்த்தால், மாலைப் பூசை தொழிலாளிக்குக் கோயில் கதவைத் திறந்த நிகழ்ச்சி.

ஆனாலும் இந்தக் கரையின் பழக்கத்தில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் சட்டத்தைவிட ஆழமாக இருக்கின்றன. சட்டம் விலக்களித்த பின்பும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கவிச்சி சேர்க்காத வீடுகள் ஏராளம். செவ்வாய், வெள்ளி விரதங்கள் இயல்பாக இருக்கும் ஊரில், அண்டை வீட்டு அம்மன் பக்தையும் மாதா பக்தையும் ஒருவர் விரதத்தை ஒருவர் புரிந்துகொள்கிறார்கள். மரக்காணம் கரையில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். அவர்களது அன்றாடம் இந்து, இஸ்லாமிய அண்டை வீட்டாரோடு கலந்த அன்றாடம். ஆலயங்களில் நேர்த்திக்கடனாக உப்பும் மிளகும் கொட்டும் வழக்கத்தையும் நினைக்கலாம். வைத்தீஸ்வரன் கோயிலிலும் அது உண்டு, அந்தோனியார் கோயில்களிலும் உண்டு. 1969இல் திருமுழுக்குச் சடங்கு திருத்தப்படும் வரை, குழந்தையின் நாவில் குரு ஒரு சிட்டிகை உப்பு வைப்பார். அந்த உப்பை வாரியவர் யார் என்று எந்தச் சடங்கு நூலும் கேட்கவில்லை.

அன்றாட ஜெபம் எதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இதே உயர்மறைமாவட்டத்தில், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், 2008 மார்ச்சில் கத்தோலிக்கர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. தலித் கிறிஸ்தவர்கள் ஆலயத்தில் சம உரிமை கேட்டார்கள், தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அந்த ஊரின் ஆலயம் செபமாலை மாதா ஆலயம். இரு தெருவிலும் ஒரே மணிகளை உருட்டி, ஒரே மந்திரத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் சவம் எந்தப் பாதையில் போகலாம், யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. வீட்டுக்குள் நடக்கும் பக்தி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது தெருவை மாற்றும் என்ற உறுதி கிடையாது. இதை ஒப்புக்கொள்ளாமல் அன்றாட விசுவாசம் பற்றி இந்த மண்ணில் பேசுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

அரசின் சட்டமும் ஒரு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை முதலில் இந்துக்களை மட்டும் உள்ளடக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராகத் தன்னை அறிவிக்கும் தலித், பட்டியல் சாதிக்குரிய கல்விச் சலுகையையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் இழக்கிறார். அதனால் சான்றிதழில் ஒரு மதம், விளக்கு வைத்தபின் வீட்டுக்குள் ஒரு மதம் என்று வாழும் குடும்பங்கள் தமிழகம் எங்கும் உண்டு. ஞாயிறு ஆலயத்துக்கு வருவோர் எண்ணிக்கையை வைத்து அவர்களது விசுவாசத்தை அளக்க முடியாது. அது முழுக்க முழுக்க அன்றாடத்தில், நாலு சுவருக்குள் நடக்கும் விசுவாசம். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மலைப்பொழிவில் இயேசு சீடர்களை உப்புக்கு ஒப்பிட்டு, சாரம் போன உப்பைப் பற்றி எச்சரிக்கிறார். சோடியம் குளோரைடு எப்படிச் சாரம் இழக்கும் என்று பள்ளிக்கூட வேதியியல் கேட்கும். உப்பளத்தில் நிற்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. சாக்கடல் பகுதியில் கிடைத்ததைப் போன்ற கலப்பு உப்பில் மழை பட்டால், கரையக்கூடிய உப்பு முதலில் கரைந்து ஓடிவிடும். ஜிப்சமும் மண்ணும் வெள்ளையாக அங்கேயே கிடக்கும். பார்வைக்கு உப்புதான், நாவில் வைத்தால் ஒன்றும் இல்லை. மரக்காணத்தில் குவியலைக் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடுவது இதனால்தான். 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் இதே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும் வந்தபோது உப்பளங்கள் நீரில் மூழ்கின. விளைவிப்பதில் பாதி உழைப்பு என்றால், விளைந்ததைக் காப்பதில் மீதி.

இன்று வேதியர் இல்லை, அல்லது அவர் பெயர் மாறிவிட்டது. 1990கள் முதல் தமிழகப் பங்குகளில் பரவிய அன்பியம் அவருடைய இடத்தில் நிற்கிறது. அருகருகே வாழும் குடும்பங்கள் வீடு வீடாக முறைவைத்துக் கூடி, நற்செய்தி வாசித்து, அதைத் தங்கள் பிரச்சினைகளோடு வைத்துப் பேசும் அமைப்பு அது. பல இடங்களில் அது செபமாலையோடும் டீயோடும் முடிந்துவிடுகிறது. உப்பளக் கரையில் அதற்கு வேறு வேலை உண்டு என்று நினைக்கிறேன்.

மழைக்காலத்துக்காகத் தொழிலாளர்கள் வாங்கும் முன்பணம் அடுத்த பருவத்தின் கூலியை முன்கூட்டியே விற்றுவிடுகிறது. தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் அறிவித்திருக்கிறது. அதைப் பெற நல வாரியத்தில் பதிவு வேண்டும், தாள்கள் வேண்டும், அவற்றை எழுதிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை அன்பியம் தரலாம். அது செய்யக்கூடியது இன்னொன்றும் இருக்கிறது. மிசோரத்தில் 1910 அளவில் தொடங்கி இன்றும் தொடர்கிற வழக்கம் ஒன்று உண்டு: உலை வைக்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியைப் பெண்கள் சபைக்காக எடுத்து வைக்கிறார்கள். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி தூண்டிவிட்ட பிடியரிசித் திட்டத்தை நம் ஊரே அறியும். உப்புக் காலத்தில் கூலி கையில் இருக்கும்போது ஒவ்வொரு வீடும் ஒரு பிடி எடுத்து வைத்தால், ஐப்பசியில் முன்பணத்துக்குக் கைநீட்டும் வீடுகள் சிலவாவது குறையும். அந்த அரிசி எந்தத் தெருவில் சேர்ந்து எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதும் முக்கியம். எறையூர் எழுப்பிய கேள்விக்கு ஒரு பங்கு அன்றாடத்தில் பதில் சொல்லத் தொடங்குவது அங்கேதான்.

அக்டோபரில் வேலை நிற்கிறது, மாலைகள் நீளமாகின்றன, செபமாலைக்காக ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். உப்பளத் தொழிலாளியின் நேரம் அவர் கைக்குத் திரும்பி வரத் தொடங்கும் மாதம் அது. ஐம்பத்து மூன்று மணி ஜெபம் முடிந்தபின் நல வாரியப் படிவத்தை எடுத்துப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக்கொடுக்கவும், பருவம் தொடங்கும் முன் அந்த ஆண்டின் கூலி என்ன என்று எல்லாத் தெருக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசவும் அந்த மாதத்தில் முப்பத்தோரு மாலைகள் இருக்கின்றன.